பழைய ஊர்தியும் புதிய எரிபொருளும்

இயந்திரம் ஓடுவதால் தேய்கின்றது என்பதை யாவரும் அறிவர். ஓடாது நிற்பதாலும் அது கெடும் என்பது பலர் சிந்தனைக்கு எட்டுவதில்லை. பனிக்காலம் முழுவதும் கொட்டிலில் பூட்டி வைத்த ஊர்தியொன்று, வெளியே எடுக்கும் நாளில் இயங்க மறுக்கின்றது. அல்லது, இயங்கத் தொடங்கிச் சில மைல் சென்றதும் தீப்பற்றிக் கொள்கின்றது. ஆராய்ந்து பார்க்குமிடத்து, குற்றம் சக்கரத்தினதும் அன்று, பொறியினதும் அன்று. தாங்கியினுள் மாதக்கணக்கில் அசைவின்றிக் கிடந்த பெற்றோலே அக்கேட்டை விளைத்தது என்பது தெரிய வருகின்றது. அப்பெற்றோல் ஏன் அவ்வாறு செய்தது என்னும் வினாவிற்கு இரசாயனம் ஒரு பாதி விடையைத் தரும். மறு பாதியை வரலாற்றிடமே கேட்டறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் பழைய 'மோட்டார் வீடுகள்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, குளிர்ப்பெட்டி ஆகியவற்றோடு வீடும் வண்டியும் ஒன்றாய் அமைந்த ஊர்தியையே அந்நாட்டார் அப்பெயரால் வழங்குவர். மிச்சிகன் மாநிலத்தவரான றேமண்ட் பிராங்க் என்பவர் 1958-ஆம் ஆண்டளவில் தம் குடும்பத்தின் பயணத்திற்கென இத்தகைய ஊர்தியொன்றைத் தாமே கட்டினார். கண்டவர்கள் தமக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்கவே, சில ஆண்டுகளில் அது ஒரு தொழிலாயிற்று. 1966-இல் அயோவா மாநிலத்துப் பொறெஸ்ற் சிற்றி என்னும் சிற்றூரில் வினபேகோக் கம்பனி இவ்வகை ஊர்திகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது. அயோவா, அமெரிக்கச் சோள வயல்களின் நடுநாயகமான மாநிலம் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் நன்று. அச்சோளம் இவ்வரலாற்றில் மீண்டும் வந்து சேரும்.

இவ்வூர்திகளுள் இன்றும் மிக்க அன்போடு பேணப்படுவது ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி 1973 முதல் 1978 வரை ஆக்கிய ஜி.எம்.சி. மோட்டார் வீடாகும். பிற கம்பனிகள் பாரவண்டியின் அடிச்சட்டத்தின்மேல் ஒரு பெட்டியை ஏற்றி வைத்தன. இஃதோ அடிமுதல் முடிவரை மோட்டார் வீடாகவே வரைந்து ஆக்கப்பட்டது. ஓல்ட்ஸ்மொபைல் ரொறொனாடோக் காரின் பெரிய எட்டு உருளைப் பொறி முன்சக்கரங்களைச் சுழற்றிற்று. ஆகவே பின்பக்கம் செல்லும் சுழல்தண்டு தேவைப்படவில்லை. தளம் தாழ்வாக அமைந்தது. மேனி அலுமினியத்தாலும் கண்ணாடி நாராலும் ஆனமையால் துரு எளிதில் அணுகாது. பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட ஊர்திகள் செய்யப்பட்டன. அரை நூற்றாண்டு சென்ற பின்னரும் அவற்றுட் பல தெருவில் ஓடுகின்றன.

மேனி நிலைத்தது, ஆனால் வயிறு அத்துணை உறுதியாக அமையவில்லை. இவ்வூர்தியின் தளத்தின் கீழே இரண்டு உருக்குத் தாங்கிகள் உள. இரண்டும் சேர்ந்து அமெரிக்க அளவில் ஏறக்குறைய 50 கலன், அதாவது 190 லீற்றர் பெற்றோலைக் கொள்ளும். தாங்கிகளிலிருந்து எரிபொருளையும் ஆவியையும் கொண்டு செல்லும் இரப்பர்க் குழாய்கள் தாங்கிகளின் மேற்புறத்திலே, தளத்திற்கும் தாங்கிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியில் கிடக்கின்றன. தாங்கியைக் கீழே இறக்கினாலன்றி அவற்றைக் கண்ணால் காண்பதும் அரிது. இக்குழாய்கள் ஆக்கப்பட்ட நாளில் விற்பனையான பெற்றோலுக்கு அவை போதியவையாகவே இருந்தன. பின்னர் அப்பெற்றோல்தான் மாறிற்று. அம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

பெற்றோலில் இன்று கலக்கப்படும் எதனோல் என்பது, சோளம், கரும்பு முதலியவற்றை நொதிக்கச் செய்து வடிக்கும் மதுசாரமேயாம். அது பொறிகளுக்குப் புதியதன்று. பெற்றோல் விற்பனைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, 1826-இல், நியூ ஹம்ஷியர் மாநிலத்துச் சாமுவேல் மோரி என்பவர் மதுசாரத்தையும் தெர்ப்பந்தைன் எண்ணெயையும் எரித்து இயங்கும் பொறியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் நிக்கொலாஸ் ஒற்றோவும் மதுசாரத்தைக் கொண்டு தம் பொறியைப் பரிசோதித்தார். அக்காலத்து அமெரிக்க வீடுகளில் விளக்கெரித்ததும் பெரும்பாலும் மதுசாரக் கலவையே.

அம்மதுசாரத்தைச் சந்தையிலிருந்து முதலில் வீழ்த்தியது வரி. உள்நாட்டுப் போரின் செலவை ஈடுசெய்ய 1862-இல் காங்கிரஸ் மதுசாரத்தின்மீது வரி விதித்தது. போர் முடிவதற்குள் அது கலனுக்கு இரண்டு டொலர் வரை ஏறிற்று. குடிப்பதற்குரியது, எரிப்பதற்குரியது என்ற வேறுபாட்டை அவ்வரி நோக்கவில்லை. மண்ணெண்ணெய் அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டது. தொழிற்றேவைக்குரிய மதுசாரத்தின்மீதிருந்த வரி நீங்கியது 1906-இலேதான். அதற்குள் பெற்றோல் மலிந்துவிட்டது. 1920-இல் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு மதுசாரத் தொழிலுக்கு மேலும் இடராயிற்று. இருந்தும், வயலில் விளைவனவற்றிலிருந்து எடுக்கும் மதுசாரமே எதிர்கால எரிபொருள் என்று ஹென்றி போர்ட் 1925-இற்கூடக் கூறினார்.

எதிர்காலம் அவர் கூறிய வழியிற் செல்லவில்லை. அந்நாளில் மோட்டார்ப் பொறியாளரை வாட்டிய பிணி 'தட்டல்' என்பது. உருளையினுள் எரிபொருள் சீராக எரியாது வெடித்துப் பொறியை அதிரச் செய்வதே அது. மதுசாரம் தட்டலை அடக்கும் என்பதை ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தினர் அறிந்திருந்தனர். ஆயினும் அதனைப் பத்தில் ஒரு பங்கு அளவிற் கலத்தல் வேண்டும். 1921 டிசம்பரில் அவ்வாய்வுகூடத்தைச் சேர்ந்த தோமஸ் மிட்ஜ்லி, கலனுக்குச் சில கிராம் மட்டுமே போதியதான வேறொரு மருந்தைக் கண்டார். அதுவே நாலெதைல் ஈயம். 1923-இல் ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில் ஈயம் கலந்த பெற்றோல் முதன்முதல் விற்பனையாயிற்று. 1924-இல் நியூ ஜேர்சியில் அதனை ஆக்கிய ஆலையொன்றில் தொழிலாளர் ஐவர் நஞ்சேறி இறந்தனர். விற்பனை சிறிது காலம் நிறுத்தப்பட்டது. பின்னர் மீண்டும் தொடங்கி அரை நூற்றாண்டு நிலைத்தது.

1930-களின் விலை வீழ்ச்சியில் வாடிய உழவர், சோளத்தை மதுசாரமாக்கிப் பெற்றோலிற் கலக்க மீண்டும் முயன்றனர். கன்சாஸ் மாநிலத்து அற்சிசன் நகரில் 'அக்ரோல்' என்னும் பெயரில் அத்தகைய எரிபொருள் ஆக்கப்பட்டு அயல் மாநிலங்களிலும் விற்கப்பட்டது. விலையிற் பெற்றோலோடு போட்டியிட இயலாமையால் 1938-இல் அவ்வாலை மூடப்பட்டது. எனவே, மோட்டார் வீடு தோன்றிய காலத்து அமெரிக்கப் பெற்றோல், ஈயம் சேர்ந்ததும் மதுசாரம் சேராததுமான பெற்றோலாகும். அதன் குழாயும் அடைப்பும் இரப்பரும் அந்த ஒன்றிற்கே ஏற்பத் தெரிந்தெடுக்கப்பட்டன.

1970-களில் நிலைமை தலைகீழாக மாறியது. ஈயத்தின் நஞ்சு குழந்தைகளின் உடலிற் சேர்வது பற்றிய கவலை மிகுந்தது. புகையைத் தூய்மைப்படுத்த 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அமைக்கப்பட்ட ஊக்கிப் பெட்டியை ஈயம் பாழாக்கும் என்பதும் சேர்ந்துகொள்ள, ஈயம் படிப்படியாக விலக்கப்பட்டது. 1996 தொடக்கம் அமெரிக்கத் தெரு ஊர்திகளுக்கு அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இதனிடையே 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. ஜி.எம்.சி. மோட்டார் வீடு சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டிலேதான். கலனுக்குப் பத்து மைல் ஓடுவதும் அரிதான ஓர் ஊர்திக்கு அதைவிடத் தீய பிறப்பு வேளை வாய்த்திருக்க இயலாது.

இவ்வரலாற்றின் திருப்புமுனை 1978-ஆம் ஆண்டாகும். அவ்வாண்டில் ஜி.எம்.சி. மோட்டார் வீட்டின் ஆக்கம் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட வலு வரிச் சட்டம், நூற்றுக்கு 10 பங்கு மதுசாரம் கலந்த பெற்றோலைக் கலனுக்கு நான்கு சத மத்திய வரியிலிருந்து விடுவித்தது. நூறாண்டுக்கு முன் மதுசாரத்தை வீழ்த்தியதும் வரியே. இப்பொழுது அதனைத் தூக்கி நிறுத்தியதும் வரியே. அக்கலவையை விற்க அனுமதி கிடைத்த விதமும் குறிப்பிடத்தக்கது. விண்ணப்பத்திற்கு 180 நாளுள் மறுமொழி கூறப்படாவிடின் அனுமதி தானே கிட்டியதாகக் கொள்ளப்படும் என்பது சட்டம். சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் அக்கெடுவினுள் முடிவு கூறவில்லை. ஆகவே 1978 டிசம்பரில், எவரும் 'ஆம்' என்று கூறாமலேயே, அனுமதி செல்லுபடியாயிற்று. கடைசி ஊர்தி ஆலையை விட்டு வெளிவந்த ஆண்டிலேயே அதன் எரிபொருளும் மாறத் தொடங்கியது.

பின்னைய நிகழ்ச்சிகள் விரைவாகக் கூறத்தக்கவை. 1990-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தங்கள், நகரப் புகையைக் குறைப்பதற்கென ஒட்சிசன் அடங்கிய பொருளொன்றைப் பெற்றோலிற் சேர்க்கப் பணித்தன. பல இடங்களில் எம்.ரி.பி.ஈ. என்னும் பொருள் சேர்க்கப்பட்டது. அது நிலத்தடி நீரை மாசுபடுத்துவது கண்டு கலிபோர்னியா முதலிய மாநிலங்கள் அதனை விலக்கின. அவ்விடத்தை எதனோல் நிரப்பிற்று. 2005-ஆம், 2007-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஆண்டுதோறும் இத்துணைக் கலன் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கலக்கப்படல் வேண்டும் என்று அளவு விதித்தன. இன்று அமெரிக்காவில் விற்கப்படும் பெற்றோலிற் பெரும்பாலும் அனைத்திலும் எதனோல் உண்டு. வழக்கமான அளவு நூற்றுக்கு 10 பங்கு. 15 பங்குக் கலவைக்கு 2010-இலும் 2011-இலும் அனுமதி அளிக்கப்பட்டபோது, அது 2001-ஆம் ஆண்டு மாதிரியும் அதற்குப் பிற்பட்டனவுமான இலகு ஊர்திகளுக்கு மட்டுமே உரியதென வரையறுக்கப்பட்டது. பழைய ஊர்திகளும், பாரமான ஊர்திகளும், படகுகளும், மோட்டார்ச் சைக்கிள்களும் விலக்கப்பட்டன. இஃது அமெரிக்காவோடு நின்றுவிட்ட செய்தியுமன்று. பிரேசில் 1975-இலேயே கரும்பு மதுசாரத் திட்டத்தைப் பேரளவிற் தொடங்கியது. பிரித்தானியாவில் 2021-இல் 10 பங்குக் கலவை பொதுப் பெற்றோலாயிற்று.

இனி, இக்கலவை தாங்கியினுள் என்ன செய்கின்றது என்பதை ஆராய்தல் தகும். தனிப் பெற்றோலும் நீரும் ஒன்றோடொன்று சேரா. நீர் துளியாகக் கீழே தங்கும். பெற்றோல் மேலே நிற்கும். எதனோலோ இரண்டோடும் உறவாடும் இயல்பினது. நூற்றுக்கு 10 பங்கு எதனோல் கலந்த பெற்றோல், 15 பாகை வெப்பநிலையில், தன் அளவில் இருநூற்றில் ஒரு பங்கு வரை நீரைத் தன்னுட் கரைத்து வைத்துக்கொள்ளும். சிறிதளவு நீர் சேருமாயின் இது நன்மையே. நீர் எரிபொருளோடு கலந்து பொறியினூடே வெளியேறிவிடும். அந்த எல்லையைத் தாண்டினாலோ, அல்லது வெப்பநிலை வீழ்ந்து எல்லையே சுருங்கினாலோ, எதனோல் பெற்றோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து அடியிற் போய்த் தங்கும். இதனையே படைபிரிதல் என்பர்.

மேற்கூறிய 190 லீற்றர்த் தாங்கிகளுக்கு இக்கணக்கைப் பொருத்திப் பார்த்தால், இரண்டும் நிறைந்த நிலையில் ஒரு லீற்றருக்கும் சற்றுக் குறைந்த நீரே எல்லையாகும். பிளவுபட்ட மூடியொன்றின் வழியே ஒரு பருவ மழை புகுந்தால் அத்துணை நீர் சேர்ந்துவிடும். இலையுதிர் காலத்திற் தெளிவாக இருந்த எரிபொருள், மிச்சிகனின் உறைபனிக் காலத்து நள்ளிரவொன்றில் எவரும் அறியாமற் படைபிரிந்து விடுதலும் கூடும். அதன்பின் பெற்றோலை உறிஞ்சும் குழாயின் வாய் கிடப்பது அடித்தளத்தில்; அங்குத் தேங்கி நிற்பதோ நீரும் மதுசாரமும். மேலே எஞ்சிய பெற்றோலும் பழைய தரத்தினதன்று. ஏனெனின், இன்றைய ஆலைகள் 84 ஒக்ரேன் தரமுடைய பெற்றோலைச் செய்து, எதனோலைக் கலந்தே அதனை 87 ஆக உயர்த்துகின்றன. எதனோல் பிரிந்தால் அத்தரமும் உடன் பிரியும்.

இரண்டாவது தீங்கு, எதனோலின் கரைக்கும் வன்மை. பல்லாண்டு காலம் தாங்கியின் சுவரிற் படிந்து கிடந்த பிசினையும் துருப்பொடியையும் அது இளக்கி எடுத்துவந்து வடிகட்டியை அடைக்கும். பழைய இரப்பரை ஊதச் செய்து மென்மையாக்கும். பின் அது காயும்போது வெடிக்கும். தக்கை அடைப்புகளும், சிலவகைப் பழைய பிசின் பூச்சுகளும், பழைய படகுகளிலுள்ள கண்ணாடி நார்த் தாங்கிகளும் அதன்முன் நிலையா. 1950-களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த புளோரீன் சேர்ந்த செயற்கை இரப்பர் இத்தீங்கை நன்கு தாங்கும். ஆயின் 1970-களின் சாதாரண ஊர்திக் குழாய்களில் அவ்விலையுயர்ந்த பொருள் இடம்பெறவில்லை.

மூன்றாவது, உலோகத்தின் அரிப்பு. நீரோடு கூடி அடியிற் தங்கிய மதுசாரத்தை நுண்ணுயிர்கள் வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலமாக மாற்ற வல்லன. அவ்வமிலம் உருக்குத் தாங்கியின் உட்பூச்சாகிய ஈயமும் வெள்ளீயமும் கலந்த படையை அரிக்கும். காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றரின் நாகம், அலுமினியம் ஆகிய உறுப்புகளையும் தாக்கும். அவ்வுறுப்பின் நுண்துளைகளில் வெண்பொடியாகப் படிந்து வழியை மூடும். மேலும், எதனோல் கலந்த பெற்றோல் வெப்பத்தில் எளிதாக ஆவியாவது. பெரிய பொறி சூடேறி நிற்கும் கோடைநாளில் குழாயினுள் ஆவி நிறைந்து எரிபொருளின் வழியை அடைத்தல் உண்டு. காபரேற்றருடைய பழைய ஊர்திகளின் சொந்தக்காரர் இவ்வாவியடைப்பை நன்கு அறிவர்.

எனினும் எல்லாப் பழியையும் எதனோலின்மேற் சுமத்துதல் நீதியாகாது. தனிப் பெற்றோலும் நெடுநாட் கிடந்தால் கெடும். அதன் இலகுவான கூறுகள் ஆவியாகிப் போகும். எஞ்சியது காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடிப் பிசினாகும். நாள்தோறும் ஓடும் கார் தன் தாங்கியை ஓரிரு வாரத்தில் வெறுமையாக்கி விடுவதால் இத்தீங்குகள் அதனை அணுகுவதில்லை. ஆண்டில் ஒரு மாதம் ஓடிப் பதினொரு மாதம் உறங்கும் மோட்டார் வீடோ ஒவ்வொரு தீங்கிற்கும் வேண்டிய காலத்தை அளிக்கின்றது. பகைவன் எதனோல் என்பதினும், எதனோலுக்குக் கொடுக்கப்பட்ட காலம் என்பதே பொருந்தும்.

இதனை உணர்ந்த ஊர்திப் பேணுநர், பனிக்காலத்திற்கு முன்னரே செய்ய வேண்டியனவற்றை ஒழுங்காக வகுத்துக் கொண்டுள்ளனர். வெள்ளம் வருமுன் அணைகோலும் முறையே அது.

முதலாவது, குழாய்களை மாற்றுதல். தாங்கிகளைக் கீழே இறக்கி, மேற்புறத்துக் குழாய்கள் அனைத்தையும் நீக்கி, எதனோலைத் தாங்கும் உட்பூச்சுடைய புதுக் குழாய்களை அமைப்பர். அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கத்தின் தரக் குறியீடாகிய 'ஜே30 ஆர்9' என்பது குழாயின்மேற் பொறிக்கப்பட்டிருத்தலைப் பார்த்து வாங்குவர். இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தாங்கிக்கும் பொறியிலுள்ள பம்பிக்கும் இடைப்பட்ட குழாயில் எரிபொருள் உறிஞ்சப்படுகின்றது. அக்குழாய் வெடித்தால் ஓடும்போது பெற்றோல் ஒழுகுவதில்லை. காற்றே உட்புகுந்து பொறியைத் திணறச் செய்யும். பம்பிக்கும் காபரேற்றருக்கும் இடைப்பட்ட குழாயிலோ எரிபொருள் அழுத்தத்தோடு செல்கின்றது. அங்கு ஏற்படும் சிறு வெடிப்பு, கொதிக்கும் பொறியின்மேற் பெற்றோலைப் பீச்சும். படுக்கையும் அடுப்பும் வாயுச் சிலிண்டரும் சூழ்ந்த ஊர்தியில் அது குடும்பமொன்றின் உயிருக்கே கேடாக முடியலாம். ஆகவே இப்பணியிற் சிக்கனம் பாராட்டுவது அறிவுடைமையன்று. பம்பியின் மென்றகட்டையும், காபரேற்றரின் மிதவையையும் இரப்பர்க் கிண்ணத்தையும் இவ்வேளையிலேயே மாற்றிவிடுதல் வழக்கம்.

இரண்டாவது, எரிபொருளைத் தெரிதல். ஆண்டின் இறுதிப் பயணத்திற்கு எதனோல் கலவாத பெற்றோலையே ஊற்றுவர். படகுத்துறைகளிலும் சில நாட்டுப்புற நிலையங்களிலும் அது கூடிய விலைக்குக் கிடைக்கின்றது. விற்பவன் சொல்லை நம்பாதவர் செய்யும் எளிய சோதனையொன்றுண்டு. அளவுக் கோடிட்ட நெடுங்கண்ணாடிக் குழாயில் 10 பங்கு நீரும் 90 பங்கு பெற்றோலும் இட்டு மூடிக் குலுக்கி, நெருப்பு அண்டாத வெளியிடத்திற் சிறிது நேரம் நிறுத்திவைப்பர். பெற்றோலில் மதுசாரம் இருந்தால் அது நீரோடு போய்ச் சேரும். நீரின் மட்டம் 10 என்னும் கோட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கும். மட்டம் உயராவிடின் பெற்றோல் தூயது. படைபிரிதல் என்னும் நிகழ்ச்சியையே சிறு உருவிற் கண்முன் காட்டும் சோதனை இது.

மூன்றாவது, தாங்கியை நிரப்பும் அளவு. வெற்றிடம் மிகுந்தால் அங்குள்ள ஈரக்காற்று பகல் இரவு வெப்ப மாறுதலால் துளியாக மாறிச் சுவரில் வழியும். உருக்குத் தாங்கி மேற்பகுதியில் துருப்பிடிக்கும். விளிம்புவரை நிரப்பினால் வெயிலிற் பெருகும் பெற்றோலுக்கு இடமிராது. எனவே நூற்றுக்கு 95 பங்கு அளவில் நிரப்பி, மூடியின் இரப்பர் வளையமும் ஊற்றுக்குழாயும் நலமாக உள்ளனவா என்று பார்ப்பர். ஓராண்டுக்கு மேல் நிறுத்தக் கருதுவோர் தாங்கியை முற்றாக வடித்து உலர்த்தி வைப்பதும் உண்டு. பாதி நிறைந்த தாங்கியே எல்லாவற்றிலும் தீயது.

நான்காவது, பெற்றோலைக் கெடாது காக்கும் சேர்மானத் திரவம். அது பிசின் படிவதைத் தாமதப்படுத்தும் மருந்து. கெட்டுப்போன பெற்றோலை மீண்டும் நல்லதாக்கும் மருந்தன்று. படைபிரிந்ததை அது ஒன்றுசேர்க்கவும் மாட்டாது. ஆகையால், பெற்றோல் புதியதாக இருக்கும்போதே, முதலில் திரவத்தையும் பின்னர் பெற்றோலையும் ஊற்றுவர். அதன்பின் ஊர்தியைப் பத்துப் பதினைந்து நிமிடமேனும் ஓட்டினால்தான் திரவம் காபரேற்றர்வரை சென்று சேரும். இரண்டு தாங்கிகளையும் மாற்றி மாற்றித் திறந்து ஓட்டுதல் வேண்டும். மோட்டார் வீட்டிற்கு மின் தரும் சிறு இயந்திரமும் பெரும்பாலும் அதே பெற்றோலில் இயங்குவது. அதனையும் இயக்குதல் வேண்டும். அதன் காபரேற்றரின் துளை மிக நுண்ணியதாதலால், பிசின் முதலில் அடைப்பது அதனையே. பலர் மறப்பதும் அதனையே.

ஐந்தாவது, நிறுத்திய ஊர்தியை அடிக்கடி சில நிமிடம் மட்டும் இயக்கிப் பார்க்கும் பழக்கத்தை விடுதல். அவ்வாறு செய்வதால் பொறி போதிய அளவு சூடேறாது. எரிதலிற் பிறந்த நீராவி எண்ணெயிலும் புகைக்குழாயிலும் துளியாகத் தங்கும். இயக்குவதாயின் வெளியே எடுத்து முழுதும் சூடேறும்வரை ஓட்டுதல் வேண்டும். இல்லையேல் உறங்க விடுதலே நன்று. மூடிய கொட்டிலில் இயக்குவது, நச்சுப் புகையால் உயிருக்கும் இடராகும்.

வசந்தம் வந்து ஊர்தியை எழுப்பும் நாளில், பொறியைத் தொடுமுன் தாங்கியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிக் குவளையிற் பிடித்துப் பார்ப்பர். தெளிவாக ஒரே நிறத்தில் இருந்தால் அச்சமில்லை. நடுவே கோடொன்று தெரிந்தாலோ, கலங்கி நின்றாலோ, தாங்கி முழுவதையும் வடித்துச் சட்டம் விதித்த இடத்தில் ஒப்படைத்தலே வழி. பின்னர்ப் புதிய வடிகட்டியை இட்டு, தீயணைக்கும் கருவியை அருகில் வைத்துக்கொண்டு, பொறியை மெதுவாக இயக்கி, ஒவ்வொரு இணைப்பையும் கண்ணாலும் மூக்காலும் சோதித்த பின்னரே பயணம் தொடங்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று வினவுவோரும் உளர். ஈயம் கலந்த பழைய பெற்றோலே நல்லது என்று ஏங்குவோரும் உளர். பின்னையவர் கூற்று ஏற்கத்தக்கதன்று. அந்த ஈயம் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் குருதியிற் கலந்தது. 2021-ஆம் ஆண்டில் உலகின் கடைசி நிலையமும் அதனைத் தெரு ஊர்திகளுக்கு விற்பதை நிறுத்தியது மனித இனம் செய்த நற்செயல்களுள் ஒன்று. முன்னையவர் வினாவிற்கோ விடை உண்டு. பழம்பொருட்சாலையிற் கண்ணாடிக்குப் பின்னே நிற்கும் ஊர்தி அதன் உருவத்தை மட்டுமே காட்டும். ஓடும் ஊர்தியே அக்காலத்துத் தொழிலாளர் கைத்திறனையும், மலிந்த பெற்றோலை நம்பிக் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் புறப்பட்ட குடும்பங்களின் வாழ்வையும் உயிரோடு காட்டும்.

அயோவாவிற் கட்டப்பட்ட பழைய வினபேகோ ஒன்று, அதே அயோவாவின் சோளத்திலிருந்து வடித்த மதுசாரத்தால் இன்று இடருறுகின்றது. இதில் எவரும் எவருக்கும் வஞ்சகம் செய்யவில்லை. ஊர்தியைச் செய்தவர் தம் காலத்துப் பெற்றோலுக்கு ஏற்பச் செய்தனர். சட்டம் இயற்றியவர் தம் காலத்துத் தேவைக்கு ஏற்ப இயற்றினர். இருவருக்கும் இடைப்பட்ட பொறுப்பு ஊர்தியைப் பேணுபவரிடம் வந்து சேர்ந்திருக்கின்றது. தாங்கியில் என்ன ஊற்றப்படுகின்றது, எத்துணை நாள் அது அங்கே கிடக்கப் போகின்றது என்னும் இரண்டையும் அறிந்து செயற்படுபவரிடத்தில் அப்பழைய ஊர்திகள் இன்னும் பல்லாண்டு ஓடும்.